பீரோவுக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஒரு பவளம்

உயிரியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியைகள் இருவருக்கும்,

பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகத் தலை நரைத்திருக்கும். கழுத்தில் பிரிவுபசார மாலை வாடிக்கொண்டிருக்கும். எனக்கு முப்பத்தொரு வயதுதான். ஆனால் மாறுதல் உத்தரவு கைக்கு வந்துவிட்டதால், இந்தச் சங்கரன்கோவில் பள்ளியைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள். ஆகவே அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதென்று நானே முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்தபின் அது சரிதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் சுபாவம் அப்படி. இந்தக் கடிதத்தைக்கூட மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

வரும் சனிக்கிழமை என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியும் அதற்குள் இருக்கும், மூளைபோல மடிப்பு மடிப்பான மூளைப் பவளமும் உங்கள் ஆய்வகத்துக்கு வருகின்றன. பாடம் நடத்துவதும் தவளையை அறுப்பதும் பதிவேடு எழுதுவதும் உங்களுக்குத் தெரியும். ஒரு பவளத்தைப் புது இடத்துக்குப் பழக்குவது எப்படி என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் முதல் பவளத்தைக் கொன்றேன். இரண்டாவதையும் கொல்லத்தான் பார்த்தேன். அது என்னைவிடப் பொறுமைசாலி என்பதால் பிழைத்துக்கொண்டது.

இதெல்லாம் என் வாயால் வந்த வினை. ப்ளஸ் ஒன் வகுப்பில் குழியுடலிகள் பாடம். பார்மலின் ஜாடிக்குள் கிடந்த பவளத் துண்டைத் தூக்கிக் காட்டினேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், இது சாகுததுக்கு முந்தி எப்படி இருந்திருக்கும்?"

நியாயமான கேள்வி. 'படத்தைப் பார்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'உயிரோடயே கொண்டாந்து காட்டுதேன்' என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை அம்மா ஜன்னல் வழியே போனார். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், நம் பள்ளியில் உயிருள்ள பவளம் வளர்க்கப்போகிறோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். அறிவிப்பு அவருடையது, வளர்ப்பு என்னுடையது. உங்களுக்கும் இது நடக்கும், தயாராக இருங்கள்.

அன்றைக்குப் பள்ளியில் வைக்க வழியில்லை, உங்கள் ஆய்வகத்துக்கு இப்போது இருக்கும் தனி மின் இணைப்பு அப்போது கிடையாது. சனிக்கிழமை மதியம் மெயின் சுவிட்சை அணைத்தால் திங்கள் காலைதான் போடுவார்கள். தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் மோட்டார் ஒரு நாள் நின்றாலே தொட்டி நாறிவிடும். அதனால் அது என் வீட்டுக்கு வந்தது. தறிச் சத்தம் கேட்கும் தெருவில் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. உள்ளறையில் பீரோவுக்கும் பிள்ளையின் தொட்டிலுக்கும் நடுவே மூன்றடி இடம் இருந்தது. அந்த இடத்தில் கடலை வைத்தோம்.

அப்போது என் மகளுக்குப் பத்து மாதம். எடை கூடவில்லை, சோற்றைத் துப்பினாள். தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வருகிறதென்று தெரிந்ததும், விரலை வைத்ததால் தூக்கம் கெட்டிருக்குமோ என்று கவலைப்படுவேன். பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது என் மாமியார். அத்தைக்கு நான் வேலைக்குப் போவதில் சம்மதமா இல்லையா என்று அதுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

முதல் பவளத்தைத் தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் ஒருவரிடம் வாங்கினேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வாளியில் கடல்நீர் ஊற்றி அதற்குள் பவளத்தை வைத்துக் கொடுத்தவர், "டீச்சர், போனதும் தூக்கிப் போட்டுராதீங்க, கொஞ்சம் பைய" என்று ஏதோ சொல்ல வந்தார். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். சிரித்துக்கொண்டே, 'எல்லாம் தெரியும்' என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே, "சரி டீச்சர், அடுத்த தடவை வரும்போது பாப்போம்" என்றார். அடுத்த தடவை என்று ஏன் சொன்னார் என்பது பதினோரு நாளில் விளங்கியது.

நான் செய்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வாளியிலிருந்து எடுத்து நேராகத் தொட்டியில் போட்டேன். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. மதிய வெயில் கம்பாக இறங்கும் இடத்தில் தொட்டியைத் தள்ளி வைத்தேன். காலையில் வலப்பக்கம் திருப்பினேன். மாலையில், இடப்பக்கம்தான் சரியோ என்று மாற்றினேன். பவளத்துக்கு வாய் இருந்ததே தவிர, அந்த வாயால் திட்ட முடியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தப்பு தண்ணீரில் நடந்தது. நம் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். கொடியில் துணி போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். தொட்டியில் தினமும் விரற்கடை அளவு தண்ணீர் குறைந்தது. குறைந்த அளவுக்கு, கேனில் வைத்திருந்த கடல்நீரையே ஊற்றினேன். கடலில் வாழும் பிராணிக்குக் கடல்நீர். இதில் என்ன சந்தேகம்?

பத்தாம் நாள் பவளம் வெளுத்தது. பதினோராம் நாள் வீடு நாறியது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, என்ன நாத்தம் இது? உன் கடலு செத்துப்போச்சா?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். அத்தை கேட்டார்: "குழம்பு வத்திப்போச்சுன்னா என்னத்த ஊத்துவ? தண்ணியா, இல்ல இன்னும் ரெண்டு கை உப்பள்ளிப் போடுவியா?"

"தண்ணிதான் அத்தை."

"பொறவு இதுல மட்டும் ஏன் உப்புத் தண்ணிய ஊத்துதே? எம்மெஸ்ஸி படிச்சா குழம்பு வேற மாதிரி வத்துமோ?"

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே கிடக்கிறது. இது எட்டாம் வகுப்புப் பாடம். நானே நடத்தியிருக்கிறேன். தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. வகுப்பறையில் தெரிந்த விஷயத்தை வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். உங்கள் தொட்டியில் நீர் குறைந்தால் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அத்தை தொட்டியைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். "பெட்டிக்குள்ள கெடந்த கல்லையே வச்சுக் காப்பாத்த முடியல. நீ வேலைக்கும் போயி, பிள்ளையையும்…" என்று நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். முடிக்காத அந்த வாக்கியத்தை இரவெல்லாம் நானே விதவிதமாக முடித்துப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதினேன். 'குடும்ப சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கும் வழக்கமான கடிதம். இன்னும் ஒரே ஒரு பவளம். அதுவும் செத்தால் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருந்துவிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஒரு நோட்டிலும் எழுதி வைத்தேன். ஒரு பூச்சிக் கூட்டத்தின் ஆயுளை வைத்து என் வேலையை முடிவு செய்வது அறிவா என்று கேட்காதீர்கள். முதல் பிள்ளை பத்து மாதமாக இருக்கும்போது யாருக்கும் அறிவு வேலை செய்வதில்லை. தேதிக்கு மட்டும் இடம் விட்டுக் கடிதத்தைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை தூத்துக்குடிக்குப் போனேன். சங்கு குளிப்பவர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே போதுமான அவமானம். "இந்தத் தடவை சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்" என்றேன்.

"டீச்சர், இது ஒரு கல்லு இல்ல. உள்ள ஆயிரம் பேரு குடியிருக்கான். வீடு மாத்துனா மனுசனே பத்து நாளு மொறைச்சிட்டுத் திரிவான். இவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கிடுவான். அவன் மூடிட்டான்னு நீங்க பயந்து, எடுத்துப் பாத்து, திருப்பிப் பாத்து, மோந்து பாத்து… அதுலதான் சாவான். தண்ணிய சொட்டுச் சொட்டாப் பழக்குங்க. மொத நாளு இருட்டு. பொறவு கொஞ்சங் கொஞ்சமா வெளிச்சம். கைய மட்டும் பின்னால கட்டிக்கிடுங்க."

"கையைக் கட்டிக்கிட்டா போதுமா?"

"அதான் டீச்சர் கஷ்டம்."

கோவில்பட்டி வழியாக இரண்டு பஸ் மாறி, மடியில் வாளியோடு வந்து சேர்ந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "பூக்கோசு ஏன் தண்ணிக்குள்ள போட்டிருக்கு?" என்று கேட்டார். விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை. வாடாமல் இருக்க என்றேன்.

என் கணவர் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கம்பவுண்டர். குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்றைக் கொதிக்க வைத்துக் கழுவிக் கொண்டுவந்தார். தொட்டியைப் பெஞ்சின் மேலும் வாளியைத் தரையிலும் வைத்து, தொட்டி நீரைக் குழாய் வழியே வாளிக்குள் சொட்டவிட்டோம். திருகை அவர்தான் சரிசெய்தார். நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"ஏளா, பேஷண்டுக்கு என்ன பேரு எழுத?" என்றார்.

"பேசாம இருங்க."

"வயசு?"

"நூறு வருசம் இருக்கலாம்."

"அப்ப நம்ம டாக்டரு கைவிட்டுருவாரு."

உப்பை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. ஆனால் இயற்பியல் ஆய்வகத்தில் பால் அளக்கும் லாக்டோமீட்டர் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. கலப்பில்லாத பாலில் அது முப்பதை ஒட்டி நிற்கும். கடல்நீரில் இருபத்தைந்தை ஒட்டி நிற்கும். வாளியிலும் தொட்டியிலும் ஒரே எண் வரும்வரை சொட்டவிட வேண்டும், அவ்வளவுதான். இன்றும் அந்த லாக்டோமீட்டரைத்தான் உங்களிடம் தரப்போகிறேன். இதில் ஒரு பக்க விளைவு உண்டு. அத்தை அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பால்காரரின் பாலில் மிதக்கவிட்டார். பதினெட்டில் நின்றது. "வே, கடத்தண்ணிகூட உம்ம பாலவிடக் கெட்டியா இருக்கு" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். பால்காரர் ஒரு வாரம் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

பவளத்தைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, மூடுவதற்குத் துணி தேடினேன். அத்தை தன் பழைய நூல்சேலையை எடுத்துவந்து இரண்டாக மடித்துப் போர்த்தினார். நான் ஆச்சரியத்தோடு பார்த்தேன்.

"என்ன முழிக்கே? இருட்டுல வை, வெளியாள விடாத, பத்து நாளு கழிச்சு வெளிய காட்டு. பிள்ள பெத்த வீட்டுல செய்யுததத்தான் அந்தத் தூத்துக்குடிக்காரன் சொல்லியிருக்கான். இதுக்கு உனக்கு ரெண்டு பஸ்ஸு" என்றார். போகிற போக்கில் விரலில் மையைத் தொட்டு, பிள்ளையின் கன்னத்தில் ஒன்றும் தொட்டிக் கண்ணாடியில் ஒன்றுமாகத் திருஷ்டிப் பொட்டு வைத்தார். கண்ணாடியில் வைத்ததுதான் பெரியது. அதைத் துடைக்கலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். பவளத்துக்குப் பொட்டால் கெடுதல் இல்லை, துடைத்தால் எனக்குக் கெடுதல் என்று விட்டுவிட்டேன். அனுபவம் வாய்ந்த ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் முடிவெடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட நாட்கள். மோட்டார் மின்சாரம் இல்லாமல் நின்றுபோனால், அத்தை செம்பால் தண்ணீரை மொண்டு, பாலை ஆற்றுவதுபோல் உயரத் தூக்கித் தொட்டியின் ஓரமாக ஊற்றுவார். மறு கை தொட்டிலை ஆட்டும். நான் பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதினேன். பிள்ளைக்கும் பவளத்துக்கும் ஒரே நோட்டு. ஒரு நாள் என் கணவர், 'காலையில் கொஞ்சம் சளி தள்ளியது, நிறம் பரவாயில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு இருமல் மருந்தோடு வந்து நின்றார். அது பவளத்தின் சளி. அன்றுமுதல் இரண்டு நோட்டு. ஆய்வகப் பதிவேடு தனியாக இருப்பதன் அவசியம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆறாம் நாள் மாலை, துணியைப் பாதி விலக்கினேன். மூளை மடிப்புகளுக்கு இடையில் மங்கிய பச்சை தெரிந்தது. ஓரத்தில், ஊசி முனைகள்போல ஏதோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். உணர்கொம்புகள். அத்தையைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, மீசை மொளைச்சிருக்கு" என்றார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எனக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. ஏழாம் நாள் தலைமையாசிரியை அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வாராரு. நீங்க அந்தப் பவளத்தக் கொண்டாந்து ஹால்ல மேசைமேல வச்சிருங்க. பட்டுத்துணி விரிக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு பக்கமும் ரோஜாப்பூ."

"மேடம், இப்பதான் மெதுவா வாயத் தொறந்திருக்கு. மறுபடி எடுத்தா செத்துரும்."

"ஒரு மணி நேரம்தானே. அதென்ன, பெரிய விஐபியா?"

"இல்ல மேடம், பச்சப்பிள்ள" என்றேன்.

அது அத்தை பேச்சு. என் வாயில் எப்படி வந்ததென்று தெரியவில்லை. அதுவரை ஆறு வருடத்தில் அந்த அம்மாவிடம் நான் முடியாது என்று சொன்னதில்லை. விடுமுறை நாளில் கூப்பிட்டாலும் போவேன். காய்ச்சலோடு தேர்வு மேற்பார்வை செய்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும், "கொண்டாற முடியாது மேடம். வேணும்னா அவர வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் நின்று, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். மணி அடித்ததால் வகுப்புக்குப் போனேன். வீரம் என்பது பல சமயம் அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிடுவதுதான்.

அதிகாரி வீட்டுக்கே வருவதாகச் செய்தி வந்தது. வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து திரும்பி, உள்ளறைக்குப் போய்ச் சேலையை விலக்கினேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தது. பவளத்தின்மேல் பொடி மண் படிந்திருந்தது. உணர்கொம்பு ஒன்றையும் காணவில்லை. மேலே பிசுபிசுவென்று கோழைபோல ஒரு படலம்.

"அத்தை, இதுல என்ன போட்டீங்க?"

அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னார். "புத்துமண்ணு. ஒரே ஒரு சிட்டிகை. கோயில்ல இருந்து கொண்டாந்தது. தோலுல வாரதுக்கெல்லாம் அதத்தானே கரைச்சு விடுதோம்? அது மேல என்னமோ வழவழன்னு இருந்துச்சு, சரியாப் போகட்டும்னு போட்டேன்."

இந்த ஊரில் தோலில் எது வந்தாலும் முதல் மருந்து அதுதான் என்று உங்களுக்கே தெரியும். என் பிள்ளைக்கு வேர்க்குரு வந்தபோது நானே பூசியிருக்கிறேன். அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. வாளியைத் தூக்கினேன். தொட்டி நீரை முழுக்க இறைத்துவிட்டு, கேனில் இருக்கும் புதுக் கடல்நீரை ஊற்றி, பவளத்தைத் தூக்கிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவிவிட வேண்டும். உடம்பில் ஒவ்வொரு நரம்பும், செய், ஏதாவது செய் என்றது. நாளைக்கு அதிகாரி. பீரோவில் கடிதம். ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டும் விட்டேன். விரல் பவளத்தைத் தொட இன்னும் ஓர் அங்குலம் இருந்தது.

அப்போது நின்றேன். ஏன் நின்றேன் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அறிவாளித்தனமான காரணம் ஒன்றும் இல்லை. நேற்று வாயைத் திறந்தது இன்று வாயை மூடியிருக்கிறது. வாயை மூட அதற்குத் தெம்பு இருக்கிறது. செத்தது எதையும் மூடாது. கடலில் மண் விழாதா? அந்தக் கோழை நோயா, அல்லது மண்ணைத் தள்ள அது தானே போட்டுக்கொள்ளும் போர்வையா? எனக்குத் தெரியாது. தெரியாதபோது செய்கிற எதுவும் என் பதற்றத்துக்குத்தான் மருந்து, பவளத்துக்கு அல்ல. கையை வெளியே எடுத்தேன். துடைத்தேன். பின்னால் கட்டிக்கொண்டேன். உங்களிடம் சொல்லத் தகுந்த காரியம் என்று என் எட்டு வருட வேலையில் நான் செய்தது இது ஒன்றுதான். அதுவும் செய்யாமல் விட்டது.

கையைக் கட்டினாலும் கோபம் கட்டுப்படவில்லை. மிச்ச மண்ணையாவது தூர எறிவோம் என்று பீரோவின் மேலிருந்த பொட்டலத்தை எடுத்தேன். அவசரமாகப் பிரித்தேன். செம்மண்ணுக்கு அடியில் என் கையெழுத்து தெரிந்தது. 'குடும்ப சூழ்நிலை காரணமாக.'

அத்தை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பிள்ளை.

"படிச்சீங்களா?" என்றேன்.

"நான் அஞ்சாம் கிளாசு. எழுத்துக் கூட்டிப் படிக்கதுக்கு அர மணி நேரம் ஆச்சு."

"அதுலயா அத்தை மண்ணக் கட்டுவீங்க?"

"பின்ன? கல்லு செத்தா நீ வேலைய விட்டுருவேன்னு ஒரு நோட்டுல வேற எழுதி வச்சிருக்கே. நீ வீட்டுல உக்காந்தா, நாள் முழுக்க நானும் நீயும் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துட்டு இருக்கவா? எனக்கு ஏலாதுட்டி. பிள்ள மூச்சு விடுதான்னு நீ விரல வச்சுக்கிட்டே இருப்ப. அது பயந்தே வளராது."

"அன்னைக்கு நீங்கதானே, வேலைக்கும் போயி பிள்ளையையும்னு…"

"பிள்ளையையும் பாத்து, கல்லையும் பாக்கணும்னா ஒத்தைக்கு எப்படிட்டி முடியும், என்னையும் ஒரு கை கூப்பிடுன்னு சொல்ல வந்தேன். அடுப்புல பாலு பொங்கிட்டு, ஓடிட்டேன்."

எத்தனை இரவுகள் அந்த வாக்கியத்தை நான் முடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட இப்படி முடிந்ததில்லை.

அத்தை பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, மண்ணைக் கவனமாக இன்னொரு காகிதத்துக்கு மாற்றினார். கடிதத்தை உதறி என்னிடமே நீட்டினார். "தேதி போடாத கடுதாசி ஒரு கடுதாசியா? அதான் பொட்டலம் கட்டுனேன். தேதி போட்டிருந்தா தொட்டிருக்க மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பின்னால் தலைமையாசிரியை அம்மா, ரோஜாப்பூவோடு. தொட்டிக்குள் கலங்கிய தண்ணீர். நடுவே சளி மூடிய ஒரு கல். கண்ணாடியில் உள்ளங்கை அகல மைப்பொட்டு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நன்றாகத் தெரியட்டுமென்று கையைத் தண்ணீருக்குள் விடப் போனார்.

"அய்யா, தொடாதீங்க" என்று அத்தை குறுக்கே வந்தார். "பெறந்து பத்து நாளு ஆகல."

அதிகாரி கையை இழுத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் செருப்பையும் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உயிரோட இருக்காம்மா?" என்று கேட்டார்.

தலைமையாசிரியை அம்மா, ஆமாம் என்று சொல்லும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார். சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? நான், "தெரியல சார். இருக்கும்னு நெனைக்கேன். ரெண்டு நாள்ல தெரியும்" என்றேன். அதிகாரி ஆய்வு நோட்டை வாங்கி ஏதோ எழுதினார். போனபின் ஓடிப்போய்ப் பார்த்தோம். 'பவளம் பார்வையிடப்பட்டது. ஆசிரியை கவனித்து வருகிறார்.' தலைமையாசிரியை அம்மா நிம்மதியோடு ரோஜாப்பூவை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை அதை என் தலையில் வைக்காமல் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். தண்ணீருக்குள் விழுந்துவிடும் என்று நான் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை கோழைப் படலம் ஒரு பக்கமாகக் கிழிந்து, மண்ணையும் சுருட்டிக்கொண்டு அடியில் விழுந்தது. ஞாயிறு மாலை, விளக்கு வைக்கும் நேரம், பச்சை மடிப்புகள் முழுக்க மீசை முளைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் ப்ளஸ் ஒன் பிள்ளைகளை நாலைந்து பேராக வீட்டுக்கு வரச் சொன்னேன். கடைசி பெஞ்ச்காரி தொட்டிக்கு முன்னால் கால்மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "டீச்சர், இது எங்களப் பாக்கா?" என்றாள். அதற்கு விடை எந்தப் புத்தகத்தில் இருக்கிறதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடம் ஆகிறது. பவளம் கொஞ்சம் பருத்திருக்கிறது. என் மகளும். இப்போது அவள் சோற்றைத் துப்புவதில்லை, தொட்டிக்குள் போடப் பார்க்கிறாள். எச்சரிக்கையாக இருக்கிறோம்.

சனிக்கிழமை நான் கூட வருவேன். சொட்டுக் குழாய், லாக்டோமீட்டர், அத்தையின் நூல்சேலை மூன்றையும் தந்துவிடுவேன். நீங்கள் சேலையால் மூடியதும் நான் போய்விட வேண்டும் என்று அத்தை உத்தரவு போட்டிருக்கிறார். நான் அங்கே நின்றால் துணியை விலக்கிப் பார்க்கச் சொல்வேனாம். உண்மைதான். அது வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் பயப்படுவீர்கள். அப்போது தொடாதீர்கள்.

ராஜினாமாக் கடிதத்தை மட்டும் தர மாட்டேன். புதுப் பள்ளிக்கு அதையும் எடுத்துப் போகிறேன். மடிப்புகளில் செம்மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. தேதிக்கு விட்ட இடம் காலியாகத்தான் இருக்கிறது.